ஹாரன் அக்காவின் லீவு மாத்திரை

எங்கள் டிப்போவில் ரத்த அழுத்தம் இல்லாத டிரைவர் ஒருவரைக் காட்டுங்கள், அவர் நேற்றுத்தான் வேலையில் சேர்ந்திருப்பார். மற்ற எல்லோருக்கும் இருக்கிறது. எல்லோரும் அதற்கு மாத்திரை வாங்குகிறார்கள். வாங்குகிறார்கள் என்றுதான் சொன்னேன், சாப்பிடுகிறார்கள் என்று சொல்லவில்லை.

நான் கண்டக்டர். ஹாரன் அக்கா ஓட்டும் பஸ்ஸில் பல வருஷமாக டிக்கெட் கிழிக்கிறவன். அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பிரிவு ஆளைத் தவிர யாருக்கும் அது ஞாபகம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஹாரன் அடிக்காத ஒரு ஓட்டை பஸ்ஸை அவர் தலையில் கட்டினார்கள். பொம்பளை டிரைவர் மத்தியானத்துக்குள் அழுதுகொண்டு திரும்பிவிடுவார் என்று கணக்கு. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓரமா போ!" என்று ஒரு சத்தம் போட்டார். சந்தைத் தெரு மொத்தமும் ஓரமாகப் போனது. பிறகு நல்ல ஹாரன் உள்ள பஸ் கொடுத்தார்கள். அதற்குள் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அக்காவின் அண்ணனும் எங்கள் டிப்போதான். பெரியவர் என்று கூப்பிடுவோம். தங்கைக்கு கியர் போடக் கற்றுக் கொடுத்தவர் அவர், கூடவே டிப்போவின் பழக்கங்களையும் கற்றுக் கொடுத்தார். வண்டி எடுக்கும் முன் தண்ணீரில் வாயை நனைத்துக்கொள்ள வேண்டும், விழுங்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுக்கிற தண்ணி மாத்திரையை வேலை நாளில் தொடக் கூடாது, லீவு நாளில் போட்டுக்கொள்ளலாம். அதனால் எங்கள் டிப்போவில் அதற்கு லீவு மாத்திரை என்றே பேர். உடம்பில் தேங்கும் உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் இறக்கிவிட்டு அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை அது. போட்டவுடன் ஒரு தடவை, கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை என்று ஓட வைக்கும். நெரிசலில் மாட்டிய பஸ்ஸில் எங்கே ஓடுவது?

பெரியவர் இந்தச் சட்டத்தைக் கடைசி வரைக்கும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கட்டிலில் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது. இடது பக்கம் போனது, பாதிப் பேச்சும் போனது. இப்போது எங்கள் பஸ் போகிற தெருவில், முதல் மாடி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம், "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுப்பார். பெரியவர் வலது கையைத் தூக்குவார். வார லீவில் அவருக்கு முகம் மழிப்பதும் நகம் வெட்டுவதும் அக்காதான். அழுத்தம் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று அக்காவுக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

அப்படி இருந்தும் அக்காவுக்கு அழுத்தம் என்று வந்தபோது, அவரும் லீவு மாத்திரைக் கட்சியில்தான் சேர்ந்தார். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அக்கா மேல் இல்லை, ஒரு கதவின் மேல்.

அந்தக் கதவு எங்கள் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. சின்னதாக ஒரு கட்டடம், மேலே 'பணியாளர்களுக்கு மட்டும்' என்று பலகை. உள்ளே கழிப்பறை. வெளியே பூட்டு. பணியாளர்கள் நாங்கள் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். திறந்து விட்டால் பயணிகள் உள்ளே புகுந்து நாசம் பண்ணுகிறார்கள் என்று யாரோ ஒரு அதிகாரி எப்போதோ பூட்டச் சொன்னாராம். சாவி தலைமை அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். ஆண்களுக்கு ஏதாவது ஒரு சுவர் கிடைத்துவிடும், மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். அக்கா என்ன செய்வார்? டிப்போவில் கிளம்பினால் திரும்ப டிப்போவுக்கு வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

கம்பெனி கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா. நல்லவர், பொறுமைசாலி. முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார். அக்காவுக்கு விடாத வறட்டு இருமல் வந்தது. அதை நிறுத்திவிட்டு இன்னொன்று கொடுத்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பிரேக் மிதிக்கிற கால் வீங்கினால் பிழைப்பு என்ன ஆவது? மூன்றாவதாகக் கொடுத்தது இந்தத் தண்ணி மாத்திரை. பாழாய்ப்போன பொருத்தம், அதுதான் அக்காவுக்கு ஒத்துப்போனது.

வேலை முடிந்து சாயங்காலம் போட்டுப் பார்த்தார். இரவெல்லாம் எழுந்து எழுந்து நடந்துவிட்டு, மறுநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண் சொருகியது. நான் பின்னாலிருந்து கம்பியில் தட்டினேன். அக்கா திடுக்கிட்டு விழித்தார். அன்றைக்குச் சாயங்காலம் டிப்போவில் என்னிடம், "தம்பி, நாப்பது உசுரை ஏத்திக்கிட்டு இந்த விளையாட்டு வேணாம்" என்றார். அதன் பிறகுதான் மாத்திரை லீவு நாளுக்குப் போனது.

இதை டாக்டரம்மாவிடம் சொல்ல முடியாது. அதே டாக்டரம்மாதான் வருஷா வருஷம் டிரைவர்களுக்கு மெடிக்கல் பார்க்கிறவர். அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்று எழுதினால் ஸ்டியரிங் போய்விடும், ஓரமாக ஒரு மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் அக்கா தலையை ஆட்டினார். டாக்டரம்மா பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பார். "மேல நூத்தி எழுபது காட்டுதே, மாத்திரை வேலை செய்யலையா?" என்பார். "செய்யலை டாக்டர்" என்பார் அக்கா. சட்டைப் பையில் கிடக்கிற மாத்திரை எப்படி வேலை செய்யும்? டாக்டரம்மா பாவம், அளவைக் கூட்டினார். அடுத்த தடவை அதோடு இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார்.

மெடிக்கல் நெருங்கினால் எங்கள் டிரைவர்களுக்கு ஒரு ஒழுக்கம் வரும். ஊறுகாயை ஒதுக்குவார்கள், சிகரெட்டை அணைப்பார்கள், சேர்த்து வைத்த மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குவார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் தேடுகிற பிள்ளைகள்தான். அக்காவும் ஆரம்பித்தார். ஆனால் அவர் கையில் இருந்தது பழைய அளவு இல்லை, இல்லாத தோல்விக்கு டாக்டரம்மா கூட்டிக் கூட்டிக் கொடுத்த அளவு. அதை அப்படியே முழுசாகப் போட்டார். தண்ணீர் குடிக்காத பழக்கத்தையும் விடவில்லை. மெடிக்கல் வரிசையில் நின்றிருந்தவர், துணைக்குப் போயிருந்த என்னிடம், "தம்பி, லைட்டை ஏன் அணைச்சாங்க?" என்றார். யாரும் அணைக்கவில்லை. நான் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார்.

கட்டிலில் கிடத்திப் பார்த்தால் அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. கையில் ஊசி குத்தி, உடம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போன மாதம் கூரையைத் தொட்ட அழுத்தம் இப்போது தரையில் எப்படி என்று மறுபடி மறுபடி அளந்தார். அப்போதுதான் டெய்லர் மாமா வந்தார்.

டெய்லர் மாமா அக்காவின் வீட்டுக்காரர். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். அவர் குரலை மெஷின் சத்தம் கூட முழுங்கிவிடும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். தினம் காலையில் மாத்திரையை எடுத்து அக்கா கையில் கொடுக்கிறவர் அவர். அக்கா வாயில் போடுகிற மாதிரி போட்டு, சட்டைப் பையில் நழுவ விடுவார். அந்தச் சட்டையைத் துவைக்கிறவர் யார் என்று அக்கா யோசிக்கவே இல்லை.

மாமா ஒரு துணி முடிச்சை மேஜை மேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே அத்தனையும் மாத்திரை. சிலது முழுசு, சிலது சோப்புத் தண்ணீரில் கரைந்து பாதி.

"நீங்க குடுத்தது எல்லாம் இங்க இருக்கு டாக்டரம்மா" என்றார். "எதுவும் தொலையலை."

அக்கா கட்டிலிலிருந்தே முறைத்தார். "தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"சொன்னா நீ கத்துவே. கத்தினா உனக்கு இன்னும் ஏறும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா சாப்பிடலை? என்கிட்ட பொய் சொல்லி நான் அளவைக் கூட்டி, இன்னைக்கு உசுருக்கே ஆபத்தாயிருக்கும். அதை மட்டும் சொல்லுங்க, ஏன்?"

அக்கா ஊசி குத்தாத கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு வந்தது பாருங்கள், சந்தைத் தெருவை ஓரமாகப் போக வைத்த அதே குரல்.

"போறதுக்கு இடம் எங்க டாக்டர் இருக்கு? நீங்க மாத்திரை எழுதறீங்க. கம்பெனி கதவைப் பூட்டுது. நடுவுல நான் எதை அடக்கறது? அழுத்தத்தையா, அதையா?"

வரிசையில் நின்ற ஆண் டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் பையில் கிடந்த மாத்திரை அவரவருக்குத் தெரியும்.

டாக்டரம்மா நேர்மையான மனுஷி. கூட்டிய அளவை எல்லாம் எடுத்துவிட்டு, பழையபடி ஒரே ஒரு தண்ணி மாத்திரையை எழுதினார். உணவில் உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் காலையில், தவறாமல், உண்மையாகச் சாப்பிட்டு அழுத்தம் அடங்குகிறதா என்று பார்க்கும் வரை ஸ்டியரிங் கிடையாது என்றும் எழுதினார். அதுவரை அக்காவுக்குத் தொலைந்த பொருள் அறையில் வேலை.

பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் சாமான்களெல்லாம் வந்து சேர்கிற அறை அது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், யாரும் கேட்டு வராத ஒரு சமையல் அடுப்பு. அக்காவையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்திலேயே கழிப்பறை. அக்கா தினமும் மாமாவின் கண் முன்னால் மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தார். தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்தார். சொன்னால் சொன்னபடி அழுத்தம் இறங்கியது. நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தலைவலி என்று ஒன்று இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது என்றார்.

டிப்போ மேனேஜர் ஒரு நாள் அந்த அறைக்கு வந்தார். கெட்டவர் இல்லை, தொல்லை வேண்டாம் என்று நினைக்கிறவர்.

"இங்கயே இருந்துடுங்கம்மா. நிழல், ஃபேன், எல்லாம் இருக்கு. உடம்பும் நல்லாயிருக்கு. உங்க அண்ணன் கதை உங்களுக்கும் வரணுமா?"

அக்கா கையிலிருந்த குடையை மடக்கி வைத்தார்.

"அப்ப உசுரோட இருக்கணும்னா குடை எண்ணணும். பஸ் ஓட்டணும்னா சாகணும். அதானே சார் சொல்றீங்க?"

"அப்படிச் சொல்லலைம்மா..."

"எனக்கு ரெண்டும் வேணும் சார். பஸ்ஸும் வேணும், உசுரும் வேணும். கடைசி நிறுத்தத்துச் சாவியை வாங்கிக் குடுங்க."

மேனேஜர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே இருப்பவர்கள் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் பரிசீலனைக்குப் போன எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

டாக்டரம்மா ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் காலையில் அக்கா டிப்போவில் எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். "அக்கா, பாதி வழியில என்ன பண்ணுவீங்க?" என்றேன். "நீ டிக்கெட்டைப் பாரு" என்றார்.

பாதி வழியில்தான் எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம். கண்ணாடிக் கட்டடம், முன்னால் புல்வெளி, வாசலில் காவல்காரர். அதற்கு எதிரே ஒரு நிறுத்தம் உண்டு. அக்கா பஸ்ஸை அங்கே ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்தார். எழுந்து நின்று பயணிகளைப் பார்த்துச் சொன்னார்:

"நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறவ. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். அவசரம் இருக்கறவங்க மன்னிச்சுக்குங்க."

காவல்காரர் தடுத்தார். "எங்கம்மா போறீங்க?"

"உங்க பெரிய அதிகாரி போற இடத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, சீருடையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார். பஸ்ஸில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரிய மனுஷர் கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேராக ஆட்டினார். நான் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா நிதானமாக வந்தார், ஏறினார், ஓட்டினார்.

மறுநாளும் அதே இடம், அதே பேச்சு. ஆனால் அக்கா இறங்கியதும் காய்கறிக் கூடைக்காரம்மா ஒருவர், "கூடையைப் பாத்துக்கோப்பா" என்று என்னிடம் தள்ளிவிட்டு இறங்கினார். பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். அதற்குப் பின்னால் பள்ளிக்கூட டீச்சர். எல்லோரும் அக்காவின் முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். காவல்காரர் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் கதவைத் திறந்து பிடித்தார். நேற்று கடிகாரம் ஆட்டின பெரிய மனுஷர் கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு, "ஆம்பளைங்களுக்கும் உள்ள இருக்கா?" என்று என் காதில் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். பளபளக்கும் அந்தத் தரையில் வரிசை வாசல் வரைக்கும் நீண்டது.

அந்த வாரமே விசாரணைக் கடிதம் வந்தது. பயணத்துக்கு இடையூறு, ஒழுங்கீனம், பதவி நீக்கம் ஏன் செய்யக் கூடாது, இத்யாதி. சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள். விசாரணை அன்று அக்கா தேய்த்த சீருடையில் வந்தார். மாமா காலர் மடிப்பைக் கத்தி மாதிரி நிறுத்தியிருந்தார். இந்த அறையை விட்டு வெளியே வரும்போது அக்கா டிரைவரா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

பெரிய அதிகாரி கனத்த உடம்புக்காரர். மேஜையில் காகிதங்கள், மூடி போட்ட கண்ணாடி டம்ளரில் தண்ணீர். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"வேலை நேரத்துல கொஞ்சம் கட்டுப்பாடு வேணும்மா. எல்லா டிரைவரும் சமாளிக்கறாங்க. உங்களால மட்டும் ஏன் முடியலை?"

அக்காவின் பார்வை மேஜையில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. பச்சைக் கோடு போட்ட வெள்ளி அட்டை. அக்கா தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே பச்சைக் கோடு, அதே வெள்ளி.

"சார், நீங்களும் இதானே போடறீங்க?"

அதிகாரி டம்ளரின் மூடியைச் சரி செய்தார்.

"காலைல போட்டா ஓட வைக்குமே சார். நீங்க எப்படிச் சமாளிக்கறீங்க?"

அக்கா கேட்டது நக்கலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. பாதி திறந்திருந்தது. உள்ளே கழிப்பறையின் வெள்ளை டைல்ஸ் சுவரும் கைத்துண்டும் தெரிந்தன. நான் பார்த்தேன், அக்கா பார்த்தார், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே மாத்திரை" என்றார் அக்கா. "உங்களுக்குப் பின்னாடி கதவு இருக்கு. எனக்குப் பூட்டு இருக்கு. என் அண்ணன் அந்தப் பூட்டுக்குப் பயந்து இருபது வருஷம் மாத்திரை சாப்பிடலை. இப்ப ஒரு கையால சோறு சாப்பிடறார். என்னை வேலையை விட்டு எடுங்க சார், பரவாயில்லை. ஆனா கட்டுப்பாடு இல்லாதவன்னு எழுதாதீங்க. என்னை மாதிரி அடக்கினவ இந்தக் கம்பெனியில எவளும் இல்லை."

அவ்வளவு வருஷத்தில் அக்காவின் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். ஆனாலும் தலை குனியவில்லை. அதிகாரிதான் குனிந்தார். இரண்டு அட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்காவுடையதை அக்கா பக்கமே தள்ளி வைத்தார். "போங்க, சொல்றேன்" என்றார்.

பயணத்தை நிறுத்தியதற்கு அக்காவின் கோப்பில் ஒரு கண்டிப்பு இன்னும் இருக்கிறது. அதை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இருக்கட்டும். வேலை போகவில்லை. மறு வாரம் கடைசி நிறுத்தத்தில் பூட்டை உடைக்க ஒரு ஆள் வந்தார், ஏனென்றால் தலைமை அலுவலகத்தில் பத்திரமாக இருந்த சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இவ்வளவு காலம் எங்களைக் கட்டிப் போட்டது இல்லாத ஒரு சாவி. உள்ளே குழாய் மாற்றினார்கள், விளக்குப் போட்டார்கள். டிப்போவில் லீவு மாத்திரை என்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆண் டிரைவர்களும் காலையில் டம்ளரைத் தேட ஆரம்பித்தார்கள்.

கதவு திறந்த அன்று அக்கா உள்ளே போய்விட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் பெரியவரின் ஜன்னல் வந்தது. அக்கா வழக்கம் போல் குரல் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினார். மாமா கொடுத்தனுப்பிய பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக் காட்டினார்.

பெரியவர் வலது கையைத் தூக்கி வேகமாக ஆட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று. வண்டியில் இருக்கும்போது குடிக்கக் கூடாது என்று கற்றுக் கொடுத்தவர் அவர்தானே.

அக்கா அண்ணாந்து குடித்தார். கழுத்து வழியாக வழிய வழிய, பாதியில் நிறுத்தாமல், அடி வரைக்கும் குடித்தார். பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டு விழவில்லை. பிறகுதான் அந்தத் தெரு அதிரும் குரல் வந்தது.

"அண்ணே! கதவைத் திறந்துட்டாங்கண்ணே!"

மேலே ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நான் விசில் ஊத வேண்டிய நேரம். விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அந்த ஜன்னலையே பார்த்தேன்.